அறுநூறு கிராம் கூரை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் மில்லிமீட்டர். ஆள் குட்டை என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், மழை அளவு எழுதும் பதிவேட்டில் அவள் ஒருநாளும் குத்துமதிப்பாக எழுதியதில்லை. மற்றவர்கள் நாற்பது என்று போட்டுவிட்டுப் போகிற இடத்தில் அவள் முப்பத்தொன்பது புள்ளி ஆறு என்று போடுவாள். கேலிக்கு வைத்த பெயர்தான். பத்து வருடத்தில் கேலி உதிர்ந்து, பெயர் மட்டும் நின்றுவிட்டது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் "மில்லிமீட்டர் அக்கா" என்று மரியாதையாகவே கூப்பிட்டார்கள்.

ஊருக்கு மேற்கே உள்ள மலைத்தொடரில் ஐந்து இடங்களில் மழைமானிகள் நட்டிருந்தார்கள். இடுப்புயரத் தகர உருளை, அதன் வாயில் ஒரு புனல், உள்ளே பெரிய குடுவை. மாதம் ஒருமுறை யாராவது ஏறிப் போய், குடுவையில் சேர்ந்திருக்கும் தண்ணீரை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து, எழுதிக்கொண்டு, குடுவையைக் காலிசெய்து மறுபடி வைத்துவிட்டு வர வேண்டும். மூன்று பகல், இரண்டு இரவு. கீழே அணையின் மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவு செய்பவர்கள் அந்த எண்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அவள் தட்டச்சு வேலைக்குத்தான் சேர்ந்தாள், இருபத்து நான்கு வயதில். மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஒருமுறை மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டார். "யாராவது போறீங்களா?" என்று அதிகாரி கேட்டபோது அத்தனை பேரும் காகிதத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்கள். இவள் கையைத் தூக்கினாள். அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அவளே போய்க்கொண்டிருந்தாள்.

இப்போது அந்தக் கையைத் தூக்கத்தான் முடியவில்லை. வலது தோளில் ஆரம்பித்த வலி கழுத்துக்கு ஏறி, தலை வாரும்போது கண்ணில் தண்ணீர் வரவழைத்தது. கைப்பயிற்சி கொடுக்கும் பெண் மருத்துவர் அவள் தோளைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "எவ்வளவு எடை தூக்கறீங்க?" என்று கேட்டார்.

"பதினாலு கிலோ."

"ஏழுக்கு மேல ஒரு கிராம் கூடாது."

சுமாராக ஏழு என்று சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் முன்னே பின்னே இழுத்துப் பார்த்திருக்கலாம். ஒரு கிராம் கூடாது என்று சொன்னால் மில்லிமீட்டரால் என்ன செய்ய முடியும்?

அதிகாரி நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில், ஜன்னலோரமாக ஒரு மேஜை காலியாக இருப்பதைக் காட்டினார். "இத்தனை வருஷம் ஏறினது போதும்மா. உக்காந்து வேலை பாருங்க" என்றார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலை தெரியும். தெரிகிற மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நகலெடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஒரு மாசம் டைம் குடுங்க சார்," என்று கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீடு, அவள் கணவரின் கடைக்கு மேலே. கீழே திரைச்சீலை தைக்கும் கடை, மாடியில் இரண்டு அறை, அதற்கு மேலே மொட்டை மாடி. அவர் ஜன்னல் திரை, கதவுத் திரை, மருத்துவமனைக் கட்டில்களைச் சுற்றித் தொங்கும் பச்சைத் திரை எல்லாம் தைப்பவர். தெருவில் அவரைத் திரைக்காரர் என்பார்கள். வேட்டைக்காரர் மாதிரி இருக்கும் மீசை; சுபாவம் நேர்மாறு. காலில் சேறு பட்டால் மூன்று முறை கழுவுவார். கல்யாணமாகி இருபது வருடத்தில் மனைவி ஏறிய மலையின் அடிவாரத்தைக்கூட அவர் மிதித்ததில்லை. பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்புவார். அத்தோடு சரி.

"மேஜை வேலை வேண்டாம்னா, மூட்டையைக் குறைக்கணும். அவ்வளவுதானே?" என்றார் அவர். "எல்லாத்தையும் கீழ கொட்டு. பாத்துடலாம்."

கூடத்தில் பையைக் கவிழ்த்தார்கள். அவர் சமையலறைத் தராசை எடுத்து வந்து நடுவில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நிறுத்து, துணி வெட்டும் சீட்டில் எழுதினார். அளவுக் கண்ணாடி, பதிவேடு, மாற்றுத் துணி, ரொட்டி, அவித்த முட்டை, தண்ணீர், டார்ச். எதிலும் பெரிதாகக் கைவைக்க வழியில்லை. தொங்கு படுக்கையை எடுத்துத் தராசில் வைத்தார். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுத்துக்கொள்கிற துணிப் படுக்கை அது. அட்டையும் ஈரமும் நிறைந்த தரையில் படுக்க முடியாது என்று அவளாகவே வாங்கியது. வீட்டில் அதற்குப் பெயர் தூளி. "அம்மா இன்னும் தூளியிலதான் தூங்கறாங்க" என்று வெளியூரில் படிக்கும் மகள் போனில் சிரிப்பாள்.

"தூளி முக்கால் கிலோ. பாவம், இது ஒண்ணும் பண்ணல," என்றார் அவர்.

கடைசியில் தார்ப்பாய் வந்தது. படுக்கைக்கு மேலே கூரையாகக் கட்ட அலுவலகத்தில் கொடுத்தது. லாரி மேல் போடுகிற முரட்டுத் துணி. அதோடு கைவிரல் தடிமனில் நாலு கயிறு, எட்டு இரும்பு முளை, முளை அடிக்க ஒரு சுத்தியல். சமையலறைத் தராசின் முள் ஒரு சுற்று சுற்றி ஆரம்பித்த இடத்துக்கே வந்து நின்றது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் பக்கத்துத் தெரு காய்கறிக் கடைக்குப் போய் நிறுத்துவிட்டு வந்தார்.

"ஏழு கிலோ எண்ணூறு!" என்று படியேறும்போதே கத்தினார். "மழையில நனைஞ்சா இன்னும் ரெண்டு கிலோ கூடுமே. இருபத்திரண்டு வருஷமா ஒரு ஆளைத் தோள்ல உக்கார வெச்சுக்கிட்டு ஏறியிருக்கே நீ!"

"ஆள் இல்லைங்க, கூரை."

"கூரையை நான் பாத்துக்கறேன்."

அன்றிலிருந்து பத்து நாள் கீழே கடையில் திரைச்சீலை வேலை ஓரங்கட்டப்பட்டது. குடைக்குப் போடுகிற வழவழப்பான மெல்லிய துணியை அவர் எங்கிருந்தோ பிடித்து வந்தார். ஊதினால் பறந்தது. ஓரம் மடித்துத் தைத்து, தையல் ஓட்டை வழியே தண்ணீர் புகாமலிருக்க உள்பக்கம் பசை தடவிக் காயவைத்தார். அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அவர் சாமர்த்தியம் தெரிந்தது உறையில்தான். தார்ப்பாயை மடித்துப் பைக்குள் போட்டால், காற்றில் எடுக்கும்போது அது பிய்த்துக்கொண்டு போகும் என்று அவள் சொல்லியிருந்தாள். அவர் சட்டைக் கை மாதிரி நீளமான இரண்டு குழல்கள் தைத்தார். இரண்டு பக்கமும் திறந்த குழல்கள். தார்ப்பாயைச் சுருட்டி அவற்றுக்குள்ளேயே வைத்துவிட வேண்டியது. பார்க்கப் பெரிய பாம்பு மாதிரி இருக்கும். பாம்பின் வாலை ஒரு மரத்தில், தலையை இன்னொரு மரத்தில் கட்டிவிட்டு, இரண்டு குழலையும் மரத்தைப் பார்க்க இழுத்தால் தார்ப்பாய் தானாக விரிந்துகொள்ளும். திரும்பச் சுருட்டவும் அதேபோல். துணி தரையைத் தொடவே தொடாது.

நாலு மூலையையும் இழுத்துக் கட்ட, ஜன்னல் திரையை ஏற்றி இறக்கும் மெல்லிய வெள்ளைக் கயிற்றைப் போட்டார். கயிற்றை இறுக்க, சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கொக்கிகள். இரும்பு முளைக்குப் பதில் வேர், கல், எது கிடைக்கிறதோ அது.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக் கம்பத்துக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே கட்டிப் பார்த்தார்கள். நல்ல வெயில். தார்ப்பாய் விறைப்பாக நின்றது. பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வீட்டுல என்ன விசேஷம், பந்தல் போடறீங்க?" என்று கேட்டார்.

"பந்தல் இல்லீங்க. அறுநூறு கிராம்!" என்றார் திரைக்காரர். கேட்ட கேள்விக்கும் பதிலுக்கும் ஒட்டே இல்லை. ஆனாலும் அவர் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த முகத்தைத்தான் மில்லிமீட்டர் மனதில் வைத்துக்கொண்டு மலையேறினாள். பை ஏழு கிலோவுக்குள் அடங்கியிருந்தது. தோளுக்கு, முதுகில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. முதல் நாள் ராத்திரி மழை இல்லை. "பொழைச்சோம்" என்று நினைத்தாள்.

இரண்டாம் நாள் பிற்பகல் பிடித்துக்கொண்டது. அவள் பதறாமல் பாம்பை இரண்டு மரத்துக்கு நடுவே கட்டி, குழல்களை இழுத்தாள். தார்ப்பாய் அழகாக விரிந்தது. மூலைகளை வேர்களில் கட்டி, அடியில் படுக்கையைத் தொங்கவிட்டு, ஏறி உட்கார்ந்தாள். கால் மணி நேரம் கூரை கூரையாக இருந்தது. அப்புறம் தலைக்கு மேலே துணி மெதுவாகத் தொய்ந்து இறங்க ஆரம்பித்தது. அவள் இறங்கிக் கொக்கியை இறுக்கிவிட்டு வந்தாள். இந்தப் பக்கம் இறுக்கினால் அந்தப் பக்கம் நழுவியது. நனைந்த வழவழக் கயிறு பிளாஸ்டிக் பல்லில் நிற்கவே மாட்டேன் என்றது. கொஞ்ச நேரத்தில் துணி நடுவில் பள்ளம் விழுந்து, பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, ஒரு குளம் அவள் மூக்குக்கு நேர் மேலே ஆடியது. அதைக் கையால் தள்ளினாள். ஒரு மூலை பட்டென்று அவிழ, குளம் மொத்தமும் அவள் மடியில் இறங்கியது.

போதாததற்கு, மரத்தில் வழிந்த தண்ணீர் படுக்கைக் கயிற்றின் வழியே நடந்து வந்து முதுகை நனைத்தது. பதிவேட்டை மட்டும் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் திணித்துக்கொண்டாள். விடியும்வரை ஒரு கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தடியில் குந்தியே இருந்தாள்.

மறுநாள் காலை கணவாயில் விசில் காத்திருந்தான். விசில் என்பது அடுத்த மலையின் மழைமானிகளைப் பார்க்கும் கூட்டாளி. முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா. மலையில் எங்கே இருக்கிறான் என்பது அவன் அடிக்கும் விசிலை வைத்துத்தான் தெரியும். அவளைப் பார்த்ததும் விசில் பாதியில் நின்றது.

"என்னக்கா, ஆத்துல விழுந்தீங்களா?"

பல் கிடுகிடுத்ததில் அவளுக்குப் பேச்சு வரவில்லை. அவன் தன் பையிலிருந்து உலர்ந்த சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

வீட்டு வாசலில் கணவர் நின்றுகொண்டிருந்தார். தோளைக் கேட்கவில்லை, மலையைக் கேட்கவில்லை. "எப்படி இருந்துச்சு?" என்றார். தார்ப்பாயைத்தான் கேட்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

"உறை பிரமாதங்க," என்றாள் அவள். "இழுத்தா விரியுது, தள்ளினா சுருங்குது. அப்படி ஒரு சௌகரியம்." உறையைப் பற்றிய வரைக்கும் அது சத்தியம். மற்றதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

அவர் உச்சி குளிர்ந்துபோனார். அப்புறம்தான் தையல்காரரின் கண் விழித்துக்கொண்டது. "இது யாரு சட்டை? தோள்பட்டை ரெண்டு அங்குலம் இறங்கி இருக்கு."

"விசிலோடது. வழியில சேத்துல வழுக்கிட்டேன்."

ஒரு மில்லிமீட்டர்கூடத் தவறாக எழுதாதவள் சொன்ன பொய் அது. சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள்.

பொய்க்கு ஆயுள் நாலு நாள். ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, விசில் சட்டையைத் திரும்ப வாங்க வந்தான். அவள் மாடியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தாள். கீழே கடையில் அவன் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"மாமா, அக்காவை அன்னைக்கு நீங்க பாத்திருக்கணும். நனைஞ்ச கோழி மாதிரி நடுங்கிட்டு நின்னாங்க. ராத்திரி முழுக்க அந்தப் பாயோட மல்லுக்கட்டியிருக்காங்க. பேசாம பழைய தார்ப்பாயையே குடுத்துடுங்க, நான் வேணா தூக்கிட்டு வரேன்."

தையல் மெஷின் சத்தம் நின்றது. அவள் அடுப்பை அணைத்தாள்.

விசில் போனபிறகு அவர் மேலே வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பாள். முகம் தொங்கிப்போய் வந்தார்.

"ஒரு கர்ட்டன் அரை அங்குலம் கோணலாத் தொங்கினாக்கூட, முன்னபின்ன தெரியாதவங்க போன் பண்ணிச் சொல்றாங்க. நீ சொல்ல மாட்டியா?"

"உங்க முகத்தைப் பாத்தேன். சொல்ல வாய் வரலைங்க."

"என் முகத்துக்காக நீ ராத்திரி பூரா நனைஞ்சியா? காய்ச்சல் வந்திருந்தா? இருட்டுல வழுக்கி விழுந்திருந்தா?"

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். மூன்று நாள் வீட்டில் "சாப்பிட வாங்க", "வரேன்" என்பதற்கு மேல் பேச்சில்லை. நாலாம் நாள், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "அடுத்த தடவை நானும் வரேன்."

"எங்க?"

"மலைக்கு. அது எப்படி அவிழுதுன்னு என் கண்ணால பாக்கணும். மொட்டை மாடியில வெயில் அடிக்கும்போது கட்டிப் பாத்தது என் தப்பு."

அவள் சிரித்தால் காரியம் கெட்டுவிடும் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கடைக் கதவில் மூன்று நாள் விடுமுறை என்று எழுதித் தொங்கவிட்டார். பை கட்டும் படலம் இந்த முறை தலைகீழாக நடந்தது. அவர் எடுத்து வைத்த தலையணை, குடை, குளியலறைச் செருப்பு, முகம் பார்க்கும் கண்ணாடி எல்லாவற்றையும் அவள் தராசில் வைத்து, அவரைப் போலவே உரக்கப் படித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். தலையணைக்கு மட்டும் அவர் கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். சின்னக் கத்தரிக்கோலை மட்டும் விடவே மாட்டேன் என்றார். நாற்பது கிராம்தான், அனுமதித்தாள். விசில் தன் படுக்கையை அவருக்கு இரவல் கொடுத்தான்.

முதல் இரண்டு மணி நேரம் அவர் பத்தடிக்கு ஒருமுறை நின்று செருப்பில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் சுரண்டினார். மூன்றாவது மணி நேரத்தில் சுரண்டுவதை விட்டுவிட்டார். அட்டை ஒன்று கணுக்காலில் ஏறியபோது அவர் போட்ட சத்தத்தில் பறவைகள் எழுந்து பறந்தன. ஆனாலும் திரும்பிப் போகலாம் என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை.

முதல் மழைமானி வந்ததும் அவள் பையை இறக்கி வைத்தாள். அதற்கப்புறம் அவரைக் கவனிக்கவே இல்லை. உருளையின் விளிம்பில் கிடந்த இலையை எடுத்தாள். புனலைக் கழற்றினாள். தண்ணீரை ஒரு சொட்டுச் சிந்தாமல் கண்ணாடியில் ஊற்றி, சமதளமான கல்லில் வைத்து, மண்டியிட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு வந்து, அது ஆடி அடங்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பார்த்தாள். தலையைத் திருப்பிக்கொண்டு, மறுபடி பார்த்தாள். அப்புறம்தான் எழுதினாள்.

"எதுக்கு ரெண்டு தடவை?" என்று கேட்டார் அவர்.

"முதல் தடவை நாமளா ஒரு நம்பரை எதிர்பாத்துட்டுப் பாப்போம். கண்ணு அதையேதான் காட்டும். அதான் மறுபடி பாக்கறது."

இருபது வருடமாகப் பஸ் நிறுத்தத்தில் கையாட்டி அனுப்பியது இந்த ஆளைத்தானா என்று இருந்தது அவருக்கு. அதை அவர் அவளிடம் சொன்னது பல மாதம் கழித்து.

அன்று மாலை நாலு மணிக்கு வானம் இறங்கியது. அவள் பாம்பைக் கட்டி, குழலை இழுத்து, மூலைகளைக் கொக்கியில் இறுக்கினாள். பழைய கயிறு, பழைய கொக்கி. அவர் எதையும் மாற்ற விடவில்லை. "நீ ஒண்ணும் பண்ணாதே. விழறதா இருந்தா விழட்டும்," என்று சொல்லிவிட்டு, ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொக்கிக்கு எதிரே முகத்தைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். மழை அவர் முதுகில் அடித்தது. சேற்றுக்குப் பயந்த மனிதர் அசையவில்லை.

"நழுவுது பாரு," என்று கத்தினார். "நூல் நூலா நழுவுது. கொக்கிக்குப் பல்லே பத்தல." கொஞ்சம் கழித்து, "கொக்கி மட்டும் இல்ல. துணியே நனைஞ்சதும் இழுபடுது. என் துணிதான் ஏமாத்தியிருக்கு!"

ஏமாற்றிய துணி மீது அவருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி இருந்தார்.

கொக்கிகளை நாலு மூலையிலும் வெட்டி எறிந்தார். அவள் வேர்களில் கயிற்றைச் சுற்றி, கயிற்றில் ஒரு வளையம் போட்டு, வளையத்துக்குள் சுண்டுவிரல் நீளக் குச்சியைச் செருகி இறுக்கினாள். இழுக்க இழுக்க அது இறுகியது. குச்சியை உருவினால் முடிச்சு தானே அவிழ்ந்தது. குச்சிக்கு மலையில் பஞ்சமில்லை, சுமக்கவும் வேண்டாம். இது அவள் யோசனை. போன முறை விடியற்காலையில் தோன்றியது. பொய் சொன்னதால் வெளியே சொல்ல முடியாமல் வைத்திருந்தாள்.

"முடிச்சு நிக்குது. ஆனா துணி தொய்யுதே, அதுக்கு என்ன பண்றது?" என்றாள்.

"கூட வர மாதிரி ஏதாவது வேணும். தொய்ஞ்சா இழுக்கணும், காத்தடிச்சா விட்டுக் குடுக்கணும்…" அவர் மீசையிலிருந்து தண்ணீர் சொட்டியது. சட்டென்று நிறுத்தினார். கை இடுப்புக்குப் போனது. இடுப்பைத் தொட்டார், இழுத்துப் பார்த்தார், விட்டார். சுளீரென்று அடித்தது.

"அந்தப் பக்கம் திரும்பிக்கோ," என்றார்.

"இருபது வருஷத்துக்கு அப்புறம் என்னத்துக்குத் திரும்பணும்?"

"சரி, திரும்ப வேணாம். கத்தரிக்கோலை எடு."

கால்சட்டையின் இடுப்புப் பட்டியைப் பிரித்து உள்ளே இருந்த எலாஸ்டிக்கை உருவினார். நாலு துண்டாக வெட்டினார். இடது கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையாலும் பல்லாலும் ஒவ்வொரு மூலையிலும் கயிற்றுக்கும் துணிக்கும் நடுவே ஒரு துண்டு முடிந்தார். நாலாவது மூலைக்கு வரும்போது இடது கை ஒருமுறை மறந்துவிட்டது. அவள் சிரித்த சிரிப்பில் தோள் வலித்தது.

"சிரி, சிரி. உனக்குக் கூரை வந்துச்சு, எனக்கு மானம் போச்சு," என்றார். மீந்த வெள்ளைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டார்.

காற்று வந்து மோதியது. தார்ப்பாய் வயிறு மாதிரி உள்ளே போய், வெளியே வந்து, மூச்சு விட்டது. தொய்யவில்லை. நனைந்து நீண்ட துணியை எலாஸ்டிக் அந்தந்த நொடியே இழுத்துப் பிடித்தது. இருவரும் ஒரே படுக்கையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கவிட்டபடி, தண்ணீர் ஓரங்களில் சீராக வழிந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முதுகு நனையுதே," என்றார் அவர் திடீரென்று.

"அது படுக்கைக் கயித்து வழியா வர தண்ணி. போன தடவை என்னையும் நனைச்சுது."

அவர் எழுந்து போய்ப் பார்த்தார். மரத்திலிருந்து ஒரு சொட்டு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. சட்டை ஓரத்திலிருந்து ஒரு துண்டைக் கிழித்து, கயிற்றில் முடிந்து, நுனியைக் கீழே தொங்கவிட்டார். அடுத்த சொட்டு அந்தத் துண்டு வரைக்கும் வந்து, தயங்கி, அதன் வழியே தரையில் இறங்கியது. அதற்கடுத்ததும் இறங்கியது. இருவரும் பத்துச் சொட்டு வரை எண்ணினார்கள். பத்தும் கீழேதான் போயின.

"இன்னும் என்னென்ன சொல்லாம வெச்சிருக்கே?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "கயித்தை உருண்டையாச் சுத்தித் தரீங்க, பிரிக்கும்போது சிக்குது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவுல எட்டுப் போட்டுச் சுத்தினா சிக்காது. அப்புறம், ஈரப் பாயைப் பைக்குள்ள வெச்சா எல்லாம் நனையுது. வெளியில மாட்ட ஒரு காது வேணும்."

"அவ்வளவுதானா?"

"கலரு. அந்தச் சாம்பல் கலர் எனக்குப் பிடிக்கவே இல்ல."

"அதை மட்டும் மொதல்லயே சொல்லியிருக்கலாம். ஊதா இருந்துச்சு," என்றார் வருத்தத்தோடு.

இருட்டுவதற்குள் மழை விட்டது. அவர் தன் படுக்கையில் ஏற மூன்று முறை முயன்று, மூன்று முறையும் மறுபக்கம் விழுந்தார். நாலாவது முறை அவள் பிடித்துக்கொள்ள, ஏறிப் படுத்து, கை கால்களை அசைக்காமல், "மகள்கிட்ட சொல்லிடாதே" என்றார். அடுத்த நிமிடம் குறட்டை கேட்டது.

மிச்சம் இரண்டு நாளும் நல்லபடியாகவே போயின. மூன்றாவது மழைமானியில் அவளுக்குக் கை குளிரில் விறைத்திருந்ததால், அவள் மண்டியிட்டுப் படித்துச் சொல்ல, அவர் பதிவேட்டில் எழுதினார். கணவாயில் விசில் அவரைப் பார்த்துவிட்டு, கயிறு கட்டிய இடுப்பையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ரொம்ப நேரம் விசில் அடித்துக்கொண்டே வந்தான்.

ஊர் திரும்பியதும் ஊதா நிறத்தில் புதிதாக ஒன்று தைத்தார். மூலைகளில் எலாஸ்டிக், வெளியே மாட்டக் காது, படுக்கைக் கயிற்றில் தண்ணீர் வடிய இரண்டு குஞ்சம். பை மொத்தமும் ஆறு கிலோ எழுநூறு. மருத்துவர் தோளைத் திருப்பிப் பார்த்து, இப்படியே போனால் கவலையில்லை என்றார். ஜன்னலோர மேஜை, பிரசவத்துக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய ஒரு பெண்ணுக்குப் போனது. அந்தப் பெண்ணுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. விசிலுக்கு ஒன்று, மற்ற மலைகளுக்குப் போகிறவர்களுக்கு ஐந்து என்று திரைக்காரர் தைத்துக் கொடுத்தார். யார் வந்து கேட்டாலும், "மழையில கட்டிப் பாத்துட்டு வந்து குறை சொல்லுங்க. வெயில்ல பாத்துட்டுப் பாராட்டாதீங்க" என்று சொல்லித்தான் கொடுப்பார்.

மில்லிமீட்டர் இன்னும் பத்து வருடம் அந்த மலைக்குப் போய்வந்தாள். வருடத்துக்கு ஒருமுறை, மழைக்காலத்தில், அவரும் கூட வந்தார். சேற்றைப் பற்றிய முணுமுணுப்பு கடைசிவரை இருந்தது. எலாஸ்டிக்குக்குப் பதிலாகத் தோல் பெல்ட் போட்டுக்கொண்டு வருவார்.

அவர் முதல்முறை கூட வந்த மாதத்துப் பதிவேட்டைப் பார்த்த அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டார். மூன்றாவது வரிசையில் விரலை வைத்து, "இது உங்க கையெழுத்து இல்லையேம்மா?" என்றார்.

"வீட்டுக்காரர் எழுதினது சார். அளவு நான் பாத்தது."

அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். நூற்றுப் பதினேழு புள்ளி நான்கு என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள், இரண்டு தடவை பார்த்தது என்று போட்டிருந்தது. அதிகாரியும் அதை இரண்டு தடவை பார்த்தார். பிறகு பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டுப் பதிவேட்டை அவளிடம் நீட்டினார்.